மாகாண எல்லையில் தூண்டில் போட யாரிடம் கேட்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கனடாவில் இருக்கும் மச்சான் மார்கழி விடுமுறைக்கு ஹட்டனுக்கு வருகிறார். அவர் இருக்கும் கனடாவில் ஒட்டாவா ஆறு ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் எல்லையாக ஓடுகிறது. எந்தப் பக்கம் நிற்கிறோம், எந்த மாகாணத்தின் சீட்டு கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தூண்டில் போடுவாராம். இங்கே மவுசாக்கலை, காசல்ரீ, கித்துல்கல, நுவரெலியா, முடிந்தால் ரந்தெனிகல வரைக்கும் போக ஆசைப்படுகிறார். மத்திய, சப்ரகமுவ, ஊவா என்று மூன்று மாகாணங்கள் வருகின்றன. மூன்று அனுமதி எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அதனால் வேலை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கனடாவில் உள்ளதுபோல மாகாணத்துக்கு ஒரு தூண்டில் சீட்டு என்ற முறை இலங்கையில் இல்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மீன்பிடி மத்திய அரசுக்கும் மாகாண சபைக்கும் பொதுவான நிரலில் வைக்கப்பட்டது. நீர்ப்பாசனம் மாகாணத்துக்குக் கொடுக்கப்பட்டாலும், ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகள் அதில் சேரவில்லை. களனியும் மகாவலியும் வளவையும் அப்படிப்பட்ட ஆறுகள்தான். நடைமுறையில் நாடு முழுக்கச் செல்லும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டம். நன்னீர் மீன் வளர்ப்பையும் குஞ்சு விடுவதையும் பார்ப்பது, 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான, நக்டா என்று எல்லாரும் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை. கினிகத்தேனையைத் தாண்டி கித்துல்கலைக்கு இறங்கும்போது மத்திய மாகாணம் முடிந்து சப்ரகமுவ தொடங்குகிறது. மீன் சட்டம் அந்த இடத்தில் மாறாது.

மாறுவது கரை. எந்த இடத்திலும் மூன்று விஷயம் கேளுங்கள்: நிற்கும் நிலம் யாருடையது, நீர் யார் பொறுப்பில் இருக்கிறது, தூண்டிலில் வரக்கூடிய மீன் எது. இந்த மூன்றுக்கும் மூன்று வேறு கந்தோர் பதில் சொல்லும். ஒன்றிடம் வாங்கிய கடிதத்தை மற்றொன்றின் காவலாளி ஏற்கமாட்டார். பெரும்பாலான சச்சரவு இங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் காசல்ரீயையும் மவுசாக்கலையையும் முதலில் எடுத்துக்கொள்வோம். கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, மஸ்கெலியா ஓயாவில் மவுசாக்கலை. இரண்டு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். அணையும் நீர்மட்டமும் அரச மின்சார நிறுவனத்தின் கையில். கரையைச் சுற்றிப் பெரும்பாலும் தேயிலை. அந்த நிலம் அரசுக்குச் சொந்தமானாலும் குத்தகை எடுத்த தோட்டக் கம்பனிதான் நடத்துகிறது. ஆகவே முதல் வேலை, தோட்டத்துக் கந்தோரில் துரையை, அதாவது தோட்ட முகாமையாளரைக் கண்டு, எந்தப் பாதையால் இறங்குவது, வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டு எழுத்தில் வாங்குவது. வாய்ச்சொல் போதாது. காலையில் அனுமதி தந்த கங்காணி பின்னேரம் அங்கே இருக்கமாட்டார்.

அடுத்தது நன்னீர் மீன்பிடிச் சங்கம். இந்த நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவும் கெண்டையும் பிடித்து வாழும் குடும்பங்கள் உண்டு. குஞ்சு விடுவதும் அந்தத் தொழிலை நம்பித்தான். தூண்டில்காரரைப் பார்த்ததும் அவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், வலையை அறுப்பாரா, பிடித்ததை விற்பாரா என்பதே. அவர்கள் பின்னேரம் வலை போட்டு விடியற்காலையில் தூக்குவார்கள். மிதவைக்குப் பதில் வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்தான் பெரும்பாலும் மிதக்கும். ஒரு போத்தல் கண்ணில் பட்டால் அதன் இரு பக்கமும் நூறு மீட்டருக்கு வீச வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். முள் வலையில் மாட்டினால் இழுக்காமல் தங்கூசியை (ஒற்றை இழை நைலோன் நூலை) வெட்டிவிட்டு, கரைக்கு வந்து வலைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஒரு முள்ளின் விலை சில பத்து ரூபா. கிழிந்த வலை ஒரு வாரச் சம்பளம்.

பிடித்ததை விற்கவே கூடாது, பக்கத்துக் கடைக்காரர் ஆசையாகக் கேட்டாலும். விற்ற உடனே அது தொழில் ஆகிவிடும். தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும் படகுப் பதிவும் வேண்டும். வீட்டுச் சட்டிக்கு இரண்டு திலாப்பியா எடுப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

தங்கூசி பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும். தடை செய்யப்பட்டது தங்கூசி வலை. தூண்டில் கோலில் சுற்றும் தங்கூசி நூலுக்குத் தடை இல்லை. சோதனை நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கும்போது, பெரிய உருளையில் சுற்றிய நூலைப் பார்த்துச் சிலர் வலை பின்னக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். நூலை ரீலிலேயே சுற்றி, ரீலைக் கோலோடு வைத்துக்கொண்டு போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வலையால் பிடிப்பவர்களுக்கும் கண் அளவு விதி இருக்கிறது: நன்னீரில் செவுள் வலையின் கண் 85 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இது மச்சானுக்குத் தேவையில்லைதான். ஆனால் கரையில் யாராவது சின்னக் கண் வலையோடு நின்று "சேர்ந்து பிடிப்போம்" என்று கூப்பிட்டால் விலகுவதற்குத் தெரிந்திருக்க வேண்டும். வெடி, நஞ்சு, கரண்ட் மூன்றும் எங்கேயும் குற்றம். தோட்டத்து மருந்தை ஓடையில் ஊற்றி மீன் பொறுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்த ஓடையின் கீழே யாரோ குடிநீர் எடுக்கிறார்கள்.

அணைக்கட்டு, வான்கதவு, நீர் உள்ளே போகும் கோபுரம், மின்நிலைய வாசல் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். பாதுகாப்பு வலயம் என்று பலகை இருக்கும்; பலகை விழுந்திருந்தாலும் விதி விழவில்லை. அணையைப் பின்னணியாக வைத்து மீனோடு படம் எடுப்பதுதான் வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

மவுசாக்கலையில் நீர் இறங்கும் மாதங்களில், அதாவது மாசி முதல் சித்திரை வரை, பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவிலும் விகாரையும் வெளியே தெரியும். பார்க்கச் சனம் வரும். அந்தப் பக்கம் சுவரும் கல்லும் மரக்கட்டையும் நீருக்கடியில் கிடப்பதால் முள் மாட்டிக்கொண்டே இருக்கும். தவிர, கோவில் வாசலில் தூண்டில் போடுவதை ஊரார் பொறுக்கமாட்டார்கள். சற்றுத் தள்ளி நின்று வீசுவதே மரியாதை.

எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் என்றால், திலாப்பியாவுக்கு ஆறரை, ஏழு அடிக் கோல், ஆறு முதல் எட்டு இறாத்தல் தாங்கும் நூல், 8 அல்லது 10ஆம் இலக்க முள். பாணின் வெள்ளைப் பகுதியைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி முள் முழுவதும் மூட வேண்டும். இறுக்கமாகப் பிசைந்தால் மீன் கடித்துத் துப்பிவிடும், தளர்வாக இருந்தால் வீசும்போதே பறந்துவிடும். விரலில் ஒட்டாமல் உருளும் பதம்தான் சரி. கரையில் இருந்து ஐந்தாறு மீட்டருக்குள், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் போதும். எல்லாரும் தூர வீசுவார்கள், மீன் காலடியில் மேயும். கெண்டைக்கு அடியில் கிடக்க வேண்டும்: பத்து முதல் பன்னிரண்டு இறாத்தல் நூல், 4 அல்லது 6ஆம் இலக்க முள், நூல் ஓடக்கூடிய துளை ஈயம். ஈயம் நூலில் கட்டி இறுகியிருந்தால் கெண்டை பாரத்தை உணர்ந்து இரையை விட்டுவிடும். கெண்டை 1915இலும் திலாப்பியா 1952இலும் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை. இரண்டையும் எடுப்பதில் இயற்கைக்கு நட்டமில்லை.

உள்ளூர் மீன் என்றால் கதை வேறு. கித்துல்கலப் பக்கத்து ஓடைகளில் அசோக பெத்தியா என்ற சிறு கெண்டை வகை உண்டு, உலகத்தில் களனி ஆற்றுப் பக்கம் தவிர வேறு எங்கும் இல்லை. மகாவலியின் வேகமான பாறைப் பகுதிகளில் கதயா என்று சிங்களத்தில் சொல்லும் கரும்பச்சை மீன் இருக்கிறது. அதுவும் இலங்கைக்கே உரியது, அழிவின் விளிம்பில் நிற்பது. இவற்றில் எது வந்தாலும் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட வேண்டும். மகசீர், சிங்களத்தில் லெஹெல்லா, விளையாட்டுக்காகத் தேடி வருபவர்களின் மீன். பெரிய செதில், தடித்த உதடு, வாய் ஓரம் இரண்டு சோடி மீசை. கெண்டைக்கும் இரண்டு சோடி மீசை இருப்பதால் குழப்பம் வரும்: கெண்டையின் முதுகுத் துடுப்பு முதுகின் பாதிக்கு மேல் நீளும், மகசீருக்கு அது குட்டை. மகசீரைப் பிடித்தால் விட்டுவிடுவதுதான் நியாயம். மெதுவாக வளரும் மீன் அது. ஒரு மடுவில் பெரிதாக நான்கைந்துதான் இருக்கும்.

விடுவது என்றால் சும்மா தூக்கி எறிவதல்ல. வீட்டில் இருந்து கிளம்பும் முன்பே தூண்டில் முள்ளின் உள்பக்கச் சிறு கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். கையை நனைத்துப் பிடிக்க வேண்டும். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், இரண்டு மூன்று நாளில் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஓடும் நீரில் தலை நீர் வரும் திசையை நோக்கி இருக்கும்படி பிடித்து, அதுவாக வாலை அடித்துப் போகும்வரை பொறுக்க வேண்டும்.

கித்துல்கலையில் சட்டத்தை விடப் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. மேலே பொல்பிட்டிய மின்நிலையம் ஓடும்போது கீழே ஆறு ஏறும், நிறுத்தினால் இறங்கும். நாட்டில் மின்சாரம் அதிகம் வேண்டியது பின்னேரம் ஆறரை முதல் பத்தரை வரை; மழையில்லாத காலத்தில் மின்நிலையங்களும் அந்த நேரத்தையே நம்பி நீரைச் சேமிக்கும். அதாவது தூண்டில்காரர் விரும்பும் அந்தி நேரமும் நீர் ஏறும் நேரமும் ஒன்று. நடு ஆற்றுப் பாறைக்குப் போகும் முன், கரையோரம் நீர்மட்டத்தில் ஒரு கல்லை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் கல் மூடினால் பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் கரைக்கு வந்துவிட வேண்டும். தெளிந்த நீரில் திடீரென இலையும் நுரையும் வந்தாலும் அதே அர்த்தம். இப்போது ப்ரோட்லேண்ட்ஸ் அணையும் வந்துவிட்டதால் பழைய ஆட்கள் சொல்லும் நேரக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. படகோட்டும் பொடியன்களிடம் அன்றைக்கு அன்று கேட்பதே சரி. அங்கே காலை ஒன்பதுக்குப் பிறகு இறப்பர் படகுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு முன் தூண்டிலை முடித்துக்கொண்டால் இருவருக்கும் தொந்தரவில்லை.

நுவரெலியாப் பக்கம் மச்சானின் ஆசை ட்ரவுட் மீனாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்து விட்டது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னக் கொழுப்புத் துடுப்பு, பக்கவாட்டில் ரோசாப் பட்டை, பார்த்ததும் தெரியும். நீர் 20 பாகைக்கு மேல் சூடானால் தளர்ந்துவிடும். ஆகவே உயர்ந்த மலையின் குளிர் ஓடைகளில் மட்டும் தங்கியிருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிப் பாலத்தில் நின்றால் கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்த இடம் 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் எடுக்கவே கூடாது. வாசலில் வாங்கும் சீட்டு நடந்து பார்ப்பதற்கு மட்டும். கோலை வாகனத்தில் விட்டுவிட்டுப் போனாலும் வாசலில் சொல்லி வைப்பது நல்லது, பையைச் சோதிப்பார்கள்.

மாகாண எல்லை குழப்பும் உண்மையான இடம் இதுதான். சமவெளியில் பிறக்கும் பெலிஹுல் ஓயா மத்திய மாகாணத்தில் தொடங்கி சப்ரகமுவக்கு இறங்குகிறது. மேலே அதே நீர் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில், கீழே காட்டுப் பகுதி வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில், அதற்கும் கீழே ஊரும் வயலும். மீன் ஒன்றுதான், ஓயா ஒன்றுதான். பூங்காவின் எல்லைக்கல் எங்கே என்று தெரியாமல் மேல்நோக்கி நடந்துகொண்டே வீசினால் குற்றத்துக்குள் போய்விடுவீர்கள். வரைபடத்தில் எல்லையைக் குறித்துக்கொண்டு, அதற்கு நன்றாகக் கீழேயே நிற்க வேண்டும். சிவனொளிபாத மலைச் சாரலும் அப்படியே: மவுசாக்கலைக்கு மேலே காடு தொடங்கும் இடம் சரணாலயம். நீர்த்தேக்கத்தில் அனுமதி இருக்கிறது என்று ஓடை வழியே காட்டுக்குள் ஏறக் கூடாது.

கிரகரி வாவி மாநகர சபையின் பொறுப்பு, அங்கே அவர்களிடமே கேட்க வேண்டும். படகுச் சவாரிக் கூட்டம் அதிகம். விடுமுறை நாளில் நிம்மதியாக வீச இடமிராது.

ஊவாப் பக்கம் உமா ஓயா. பிதுருதலாகல மலையில் எழுந்து வெலிமடை வழியாகப் போய் ரந்தம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஓடுவதால் மருந்தும் மண்ணும் கலந்திருக்கும். மேல்பகுதியில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ரந்தெனிகலையும் ரந்தம்பேயும் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமான மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள். அங்கே கேட்க வேண்டியது மகாவலி அதிகார சபையிடம். அதோடு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே மூன்றின் சுற்றாடலும் 1987 முதல் சரணாலயம் என்பதால் வனசீவராசிகள் கந்தோரின் எழுத்தும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் கையில் இருந்தால் திரும்பி வருவீர்கள். யானை நடமாடும் இடம். பின்னேரம் ஐந்துக்கு முன் சாமான் கட்டி வாகனத்தில் ஏறிவிட வேண்டும்.

கடிதம் எழுதுவது எப்படி என்றால், ஒரு பக்கம் போதும்: வருபவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், உங்கள் அடையாள அட்டை இலக்கம், திகதி, இடத்தின் பெயர், எத்தனை பேர், கோலும் நூலும் மட்டும், வலை இல்லை, படகு இல்லை, விற்பனை இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். காசல்ரீயில் தமிழ் போதும், கித்துல்கலையிலும் ரந்தெனிகலையிலும் காவலுக்கு நிற்பவர் சிங்களத்தைத்தான் வாசிப்பார். முதலில் நக்டாவின் மாவட்டக் கந்தோருக்குக் கொடுத்து, அங்கே இந்த நீருக்கு இப்போது தடைக்காலமோ தனி நிபந்தனையோ இருக்கிறதா என்று கேளுங்கள். குஞ்சு விட்ட புதிதில் சில இடங்களை மூடச் சொல்வார்கள். பிறகு நீருக்குப் பொறுப்பான சபை, பிறகு தோட்டம் அல்லது வனத் திணைக்களம். ஒவ்வொன்றின் முத்திரை பதித்த பிரதியையும் மூன்று எடுத்து, ஒன்று பையில், ஒன்று வாகனத்தில், ஒன்று வீட்டில். மூன்று வாரம் முன்பே தொடங்கினால்தான் மார்கழிக்குக் கையில் வரும்.

காலத்தையும் மச்சானுக்குச் சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை. ஓயா கலங்கி, வான்கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. அதே மாதங்களில் வெலிமடைப் பக்கம் வெயில். மார்கழியில் தலைகீழ்: ஊவாவில் மழை, இங்கே பனியும் தெளிவும். ஆகவே அவர் வரும் காலத்துக்கு மவுசாக்கலையும் கித்துல்கலையும் சரி, ரந்தெனிகலையை வானத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை யாத்திரை தொடங்கிவிடும். மஸ்கெலியாப் பாதையில் வார இறுதியில் பஸ் வரிசை. செவ்வாய், புதன் நல்ல நாட்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் பின்னேரம் இடி விழும். இப்போதைய கோல்கள் காபனில் செய்தவை, மின்னலுக்கு நல்ல கம்பி. முதல் இடிச்சத்தத்திலேயே கோலைக் கீழே வைத்துவிட வேண்டும்.

தேயிலைக்குள் இறங்கும்போது மரத்திலும் பாறை இடுக்கிலும் குளவிக் கூடு பார்த்து நடக்க வேண்டும். பின்னால் வீசும் நூல் கூட்டில் பட்டால், கொட்டு வாங்குவது அவர் மட்டுமல்ல, பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களும்தான்.

கடைசியாக, அங்கே பாவித்த நீர்க்காலணியும் வலைக்கரண்டியும் கொண்டுவருவதாக இருந்தால், புறப்படும் முன் சவர்க்கார நீரில் கழுவி, உள்ளும் புறமும் முழுவதும் காயவைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஈரத் துணியடி உள்ள காலணியில் அந்த ஆற்றின் பாசி உயிரோடு வந்து சேரும். உயிருள்ள இரை, மீன் முட்டை எதையும் கொண்டுவர வேண்டாம். இங்கேயும் மவுசாக்கலையில் பிடித்ததை உயிரோடு வாளியில் போட்டு ரந்தெனிகலைக்குத் தூக்கக் கூடாது; களனி ஆற்று மீன் மகாவலிக்குப் போவது அப்படித்தான். இரைக்கு மண்புழு வேண்டுமென்றால் நீங்கள் நிற்கும் கரையிலேயே, சாணிக் குவியலுக்கு அடியில் தோண்டினால் போதும்.